உடம்பில் காயமே இல்லை, மன உளைச்சல் மட்டும் என்றால் வீட்டு இன்சூரன்ஸ் பணம் தருமா?

கேட்டவர் நியூஜெர்சியில் சொந்த வீட்டில் இருக்கிறார். கீழக்கரையில் அப்பா கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத ஒருவர் "பயந்துவிட்டேன், மனசு உடைந்துவிட்டது" என்று நஷ்டஈடு கேட்டால் பாலிசி கைகொடுக்குமா என்பது அவர் கேள்வி.

பெரும்பாலும் தராது. ஆனால் உங்கள் நியூஜெர்சி வீட்டு விஷயத்தில் அப்படியே விட்டுவிட முடியாது.

அமெரிக்க வீட்டு பாலிசியில் அடுத்தவருக்கான பொறுப்பைச் சொல்லும் பகுதி இரண்டு விஷயங்களை வைத்து எழுதப்பட்டிருக்கும்: ஒருவருக்கு நேர்ந்த 'பாடிலி இஞ்சுரி', அல்லது அவருடைய பொருளுக்கு நேர்ந்த சேதம். பாடிலி இஞ்சுரி என்றால் உடலுக்கு வந்த கேடு அல்லது நோய் என்று பாலிசியே விளக்கம் தரும். வெறும் மனவேதனை இதற்குள் வராது என்றுதான் அங்கே பெரும்பாலான மாநில நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1992-ல் வூர்ஹீஸ் வழக்கில் நடுவே ஒரு கோடு போட்டது. ஓர் ஆசிரியரின் திறமையைக் குறைசொல்லி ஒரு பெற்றோர் பொதுவில் பேசிவிட்டார். ஆசிரியர் வழக்குப் போட்டார். அவர் மேல் யாரும் கை வைக்கவில்லை, ஆனால் மன உளைச்சலால் தலைவலி, வயிற்றுவலி, குமட்டல் வந்தது என்றார். மனசில் பட்டது உடம்பில் தெரிந்துவிட்டால் அதுவும் பாடிலி இஞ்சுரிதான், அந்தப் பெற்றோருக்கு வீட்டு பாலிசி கொடுத்த கம்பெனி அவருக்காக வழக்கை நடத்தித் தர வேண்டும் என்றது நீதிமன்றம். அதே ஆண்டு இன்னொரு வழக்கில், உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாத வேதனைக்கு இது பொருந்தாது என்றும் சொன்னது.

நியூயார்க் இன்னும் ஒரு படி மேலே போனது. அதுவும் 1992-ல்தான். வாடகைக் குடியிருப்பு ஒன்றில் மேற்கூரை இடிந்து விழுந்தது, குடியிருந்தவர்களுக்கு அடி எதுவும் இல்லை, மன உளைச்சலுக்குத்தான் நஷ்டஈடு கேட்டார்கள். நோய் என்று பாலிசியில் எழுதியிருப்பதைப் படிக்கும் சாதாரண மனிதர் மனநோயையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்வார் என்று அந்த மாநிலத்தின் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மேற்கூரை என்றதும் எனக்கு ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் வீடுதான் ஞாபகம் வரும். அதையும் வாடகைக்குத்தான் விட்டிருக்கிறோம். குடியிருப்பவரின் அம்மா ஒருநாள் காலையில் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். மேலே சன்ஷேடிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டு, இரண்டு செங்கல் அளவு இருக்கும், பெயர்ந்து நேராக அவர் முன்னால் இருந்த அலுமினியச் சட்டியில் விழுந்தது. சட்டி நசுங்கிவிட்டது. அவர் மேல் மீன் தண்ணீர் தெறித்ததோடு சரி. நான் போய்ப் பார்த்தபோது மேலே கம்பி ஏடு ஏடாக உரிந்து தொங்கியது, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதியது கான்கிரீட்டை வெளியே தள்ளும். நம் கடற்கரையில் இதைப் பார்க்காத தெரு இல்லை.

அந்த அம்மாவுக்கு அன்று இரவிலிருந்து தூக்கம் போய்விட்டது. படபடப்பு, சாப்பிட்டால் வாந்தி. "தம்பி, எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு எல்லாரும் சொல்றாங்க. கண்ணை மூடுனா அந்தச் சத்தம்தான் கேக்குது" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னவர்களில் நானும் ஒருவன், அது இன்னும் எனக்கு வருத்தம்தான். அவர்கள் வழக்கு எதுவும் போடவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை நானே கொடுத்தேன். அப்புறம் பாலிசியை எடுத்துப் பார்த்தால், அடுத்தவருக்கான பொறுப்பு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

உங்கள் கீழக்கரை வீட்டிலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, புயல், வெள்ளம் மாதிரி பட்டியலில் உள்ள ஆபத்துகளால் உங்கள் கட்டடத்துக்கும் சாமானுக்கும் வரும் நஷ்டத்துக்கானது. வாடகைக்காரருக்கு நீங்கள் தர வேண்டியது அதில் சேராது. ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜ் என்ற பாலிசிகளில் பப்ளிக் லயபிலிட்டி, அதாவது அடுத்தவருக்கான பொறுப்பு என்று தனிப் பகுதி கேட்டு வாங்கலாம். அதுவும் மரணம், உடற்காயம், பொருட்சேதம் என்றுதான் பேசும், மனசைப் பேசாது.

நியூஜெர்சி பாலிசியில் 'பெர்சனல் இஞ்சுரி' என்ற கூடுதல் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பேர் ஒன்று போல இருந்தாலும் பாடிலி இஞ்சுரி வேறு, இது வேறு. அவதூறு, அந்தரங்கத்தில் தலையிடுவது, சட்டத்துக்கு மாறாக வெளியேற்றுவது போன்றவை இதில்தான் வரும், அடி படாத வழக்குகளில் பாதி அந்த வகைதான் என்பது என் எண்ணம். அடுத்தவருக்குக் கேடு வர வேண்டும் என்றே செய்ததற்குப் பெரும்பாலும் எந்தப் பகுதியும் உதவாது.

நோட்டீஸ் வந்தால் நீங்களாகப் பதில் எழுதாதீர்கள். அன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் அனுப்புங்கள். வக்கீல் வைத்துத் தரும் கடமை, புகாரில் எழுதியிருக்கும் வார்த்தைகளை வைத்துத்தான் முதலில் முடிவாகும். தலைவலி, வாந்தி என்று ஒரு வரி அதில் இருந்தால் அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்.

கீழக்கரை வீட்டுக்கு ஐப்பசி மழைக்கு முன் ஒரு கொத்தனாரை அனுப்பி, சன்ஷேடைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கூடாக இருப்பது போல் சத்தம் கேட்கும் இடத்தை உடைத்து, கம்பியைச் சுரண்டிப் பூச வேண்டும். அதுவரை அதன் கீழே யாரும் உட்கார வேண்டாம் என்று குடியிருப்பவர்களுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.