வீட்டில் சம்பாதித்தவர் இறந்த பிறகு வர வேண்டிய பணம்: கேள்வி பதில்

ஆத்தூரிலிருந்து ஒரு சகோதரி: வீட்டுக்காரர் ஜவ்வரிசி ஆலையில வேலையில இருக்கும்போதே தவறிட்டாருங்க. சம்பளம் 12,000. பி.எஃப். பணம் மட்டும்தான் வருமா, அண்ணா?

இல்லைங்கம்மா, மூன்று வர வேண்டும். பி.எஃப். இருப்புக்குப் படிவம் 20, வேலையில் இருக்கும்போது இறந்தால் பி.எஃப். அலுவலகம் தரும் இ.டி.எல்.ஐ. காப்பீட்டுக்கு 5ஐஎஃப், மாதாந்திர ஓய்வூதியத்துக்கு 10டி. பலர் முதல் படிவத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெரிய தொகை இரண்டாவதில் இருக்கிறது. கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை (15,000 வரைதான் கணக்கு) 35-ஆல் பெருக்குங்கள். உங்களுக்கு 4,20,000. அதோடு பி.எஃப். சராசரி இருப்பில் பாதி, அதிகபட்சம் 1,75,000. மொத்த உச்சவரம்பு 7 லட்சம். இதற்காக அவர் சம்பளத்தில் ஒரு பைசாகூடப் பிடித்திருக்க மாட்டார்கள், முதலாளி கட்டுவது. அதனால்தான் சம்பளச் சீட்டில் தெரியாது, வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

ஓய்வூதியம் மனைவிக்கு. நாமினியாக மாமியார் பெயர் இருந்தாலும் அது மாறாது. 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஒரே சமயத்தில் இருவருக்கு, உங்கள் தொகையில் கால் பங்கு வீதம் தனியாக வரும். 10டி-யில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள்.

ஏற்காடு, காபி எஸ்டேட்: அப்பா 3 வருஷம்தான் வேலை செஞ்சார். அஞ்சு வருஷம் ஆகாததால கிராஜுவிட்டி இல்லைங்கறாங்க.

தவறு. கிராஜுவிட்டி என்பது வேலை செய்த ஆண்டுகளுக்காக முதலாளி தரும் பணிக்கொடை. ஐந்தாண்டு நிபந்தனை இறப்புக்குக் கிடையாது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க 7,500. மூன்றாண்டுக்கு 22,500. எழுத்தில் கேளுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம்.

அம்மாபேட்டை: தறி ஓட்டினவருங்க, பி.எஃப். எதுவும் இல்லை.

பாஸ்புக்கை எடுங்கள். மே கடைசி வாரத்து வரிகளை விரல் வைத்துப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு: எப்படி இறந்தாலும் 2 லட்சம். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும். 20 ரூபாய் என்றால் சுரக்ஷா காப்பீடு: விபத்தில் இறந்தால் 2 லட்சம். அதற்கு எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும். இரண்டும் இருந்தால் இரண்டையும் கேட்கலாம். எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் அது தனி. வங்கியாக அழைத்துச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

ஓமலூர்: எல்லாம் கொடுத்தும் திருப்பி அனுப்பறாங்க.

பெரும்பாலும் பெயர்தான் காரணம். ஆதாரில் பழனிசாமி, பி.எஃப்.பில் பழனிச்சாமி, மனைவிக்கு ஓரிடத்தில் அப்பா இனிஷியல், இன்னோரிடத்தில் கணவர் இனிஷியல். இறப்பைப் பதியும்போதே ஆதாரில் உள்ள எழுத்தை அப்படியே கொடுங்கள். 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். வாரிசுச் சான்றிதழில் இறந்தவரின் தாயையும் கட்டிக்கொடுத்த மகளையும் விடாதீர்கள். விட்டால் பின்னால் ஆட்சேபம் வந்து எல்லாம் நின்றுபோகும்.

சூரமங்கலம்: அவர் ஏ.டி.எம். கார்டுல பணம் எடுக்கலாமா?

வேண்டாம். கார்டை வங்கியில் ஒப்படையுங்கள். நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் உங்கள் அடையாள அட்டையும் கொடுத்து முறையாகவே வாங்கலாம். ஆனால் நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே. பங்கு எல்லா வாரிசுகளுக்கும் உண்டு.