கல்லூரி பார்க்கப் போகட்டும், கார்டு வீட்டில் இருக்கட்டும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்துவிட்டான், ஆனால் அரச கம்பஸுக்கு எடுபடும் இஸட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் புள்ளி) எட்டாது போலத் தெரிகிறது. வருகிற சனி, ஞாயிறில் உயிரியல் படித்த கூட்டாளி ஒருவனோடு, அவனுடைய அண்ணாவின் காரில், கொழும்புக்கு அருகே மாலபே, ஹோமாகம பக்கமுள்ள தனியார் உயர்கல்வி நிறுவனங்களைப் பார்க்கப் போகிறார்களாம். "பிடித்திருந்தால் அங்கேயே பதிந்துவிடுவானாம். 50,000 ரூபாய் கட்ட வேண்டும், வங்கிக் கார்டைத் தாங்கோ என்கிறான். கொடுக்கலாமா? எது உண்மையான டிகிரி என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்கிறார்.

தாராளமாகப் போகட்டும். பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்துச் சேருவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் கார்டைக் கொடுக்காதீர்கள். அந்த இரண்டு நாளும் எங்கேயும் ஒரு சதமும் கட்டக் கூடாது.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். குளிரூட்டிய அறையில் 'ஆலோசகர்' என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். பையன்களிடம் மிக அன்பாகப் பேசுவார். கையேட்டின் பின்பக்கத்தில் மொத்தக் கட்டணத்தை எழுதி, அதைக் குறுக்காக வெட்டி, பக்கத்தில் குறைந்த தொகையொன்றை எழுதி இரண்டு கோடு போடுவார். "இந்தச் சலுகை இன்றைக்கு மட்டும்தான் தம்பி, இன்னும் நாலு இடம்தான் இருக்கு." இப்படிப் பேசுபவர்களில் பலருக்குச் சேர்த்துவிடும் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. கட்டிய பதிவுப் பணம் திரும்பி வராது என்பது பற்றுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இப்படி ஏமாறும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. நல்ல நிறுவனத்தில் திங்கட்கிழமையும் இடம் இருக்கும். இன்றைக்கே கட்டு என்று அவசரப்படுத்துகிறவரிடம் பிள்ளையைக் கொடுக்கவே வேண்டாம்.

எது உண்மையான பட்டம் என்பதுதான் உங்கள் முக்கியமான கேள்வி. மகன் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றே ஒன்றைக் கேட்டு, பதிலைப் பட்டத்தின் பெயரோடு கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும்: "கடைசியில் என் கைக்கு வரும் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?"

பதில் இரண்டு வகையாக வரும். எங்கள் நிறுவனத்தின் பெயர்தான் என்றால், அந்தப் பாடநெறி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. உயர்கல்வி அமைச்சர் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் அங்கீகாரம் கொடுப்பது குறித்த பட்டத்துக்குத்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் என்றால், அது பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் பட்டியலிலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாலபேயில் எஸ்எல்ஐஐடி, ஹோமாகம பிட்டிப்பனவில் என்எஸ்பிஎம் போன்ற பெரிய இடங்களிலும் இதைக் கேட்கத்தான் வேண்டும். ஒரே வளாகத்தில் அவர்களுடைய சொந்தப் பட்டமும் இருக்கும், வெளிநாட்டுப் பட்டமும் இருக்கும். கட்டணம் வேறு, பெறுமதி வேறு.

"நாங்கள் முதலீட்டுச் சபை அங்கீகாரம் பெற்றவர்கள்" என்று சுவரில் பெரிதாக மாட்டியிருப்பார்கள். அது முதலீடு சம்பந்தப்பட்ட காகிதம். கம்பனிப் பதிவும் அப்படித்தான், ஐஎஸ்ஓ சான்றிதழும் அப்படித்தான். பட்டத்துக்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இதையெல்லாம் சரிபார்க்க வேண்டிய ஆணைக்குழு கொழும்பு வார்ட் பிளேஸில் இருக்கிறது. பிள்ளைகள் கல்லூரி பார்க்கப் போகும் சனி, ஞாயிறில் அது பூட்டு. உயர்தரப் பெறுபேறு வர மாதக்கணக்கு, கம்பஸ் அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வர இன்னும் மாதக்கணக்கு, அரச கம்பஸ் தொடங்க அதற்கும் மேலே. பெற்றோர் பதறிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்மார் பிழைக்கிறார்கள். சனிக்கிழமையில் தொலைபேசியை எடுக்கத் தமிழ் தெரிந்த ஒருவரை அங்கே உட்கார வைத்தால் எத்தனை குடும்பத்தின் காசு தப்பும்! வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கேட்பாரில்லை.

அடுத்தது காசு. "மூன்று வருட டிகிரி" என்று சொல்லிவிட்டு, சொன்ன தொகை முதல் இரண்டு வருட டிப்ளோமாவுக்கு மட்டும் என்று பிறகு தெரியவரும். கடைசி வருடம் தனி, பரீட்சைக் கட்டணம் தனி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பதிவு தனி, அதுவும் பவுண், டொலர் என்று வெளிநாட்டுப் பணத்தில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360 அளவுக்குப் போனது. 5,000 டொலர் கட்ட வேண்டியவருக்கு 10 இலட்சம் இரண்டே மாதத்தில் 18 இலட்சமானது. பாதியில் நின்ற பிள்ளைகளைத் தெரியும். அதனால் முதல் நாளிலிருந்து சான்றிதழ் கைக்கு வரும்வரை கட்ட வேண்டிய எல்லாவற்றையும், எது ரூபாயில் எது வெளிநாட்டுப் பணத்தில் என்று பிரித்து, நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் அந்த இடத்தை அப்போதே மறந்துவிடலாம். "லோன் எடுத்துத் தருகிறோம்" என்றால் அது பெரும்பாலும் வட்டியோடு வரும் வங்கிக் கடன். அரசின் வட்டியில்லாக் கடன் வேறு. அது அங்கீகாரமுள்ள குறிப்பிட்ட பாடநெறிகளுக்கு மட்டும், அமைச்சின் அறிவித்தல் பார்த்து விண்ணப்பிக்க வேண்டியது.

இப்போது அந்தக் கூட்டாளியின் விஷயம். அவன் உயிரியல் என்றபடியால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லியே ஆக வேண்டும். மருத்துவத் துறையில் பட்டம் அங்கீகாரம் பெற்றால் மட்டும் போதாது. தொழில் செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும், அது வேறு கதவு. மாலபேயிலேயே நடந்ததைப் பாருங்கள். சைற்றம் மருத்துவக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் வர்த்தமானியில் வந்திருந்தது. மருத்துவ சபை அந்தப் பட்டதாரிகளைப் பதிய மறுத்தது. வழக்கு, ஆர்ப்பாட்டம், வேலைநிறுத்தம் என்று நாடே அல்லோலகல்லோலப்பட்டது. 2017இல் அதை ஒழிப்பதாக அரசு அறிவித்தது, மாணவர்கள் பிறகு கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். இலட்சக்கணக்கில் கட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் இடையில் இழந்த காலத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. வெளிநாட்டில் மருத்துவம் படித்தாலும் இங்கே வந்து மருத்துவ சபையின் பரீட்சை எழுத வேண்டும், அந்தப் பல்கலைக்கழகத்தையும் சபை ஏற்றிருக்க வேண்டும். ஆகவே கூட்டாளி மருத்துவம் பற்றி எங்கே விசாரித்தாலும், சபை ஏற்றுக்கொண்டதற்கான கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு படிவமும் நிரப்பக் கூடாது. உங்கள் மகன் பொறியியல் எடுத்தால், இதே கேள்வியை இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும்.

போகிற வழியில் நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கேயும் காரை நிறுத்தச் சொல்லுங்கள். அரச பல்கலைக்கழகம்தான், பொறியியலும் இருக்கிறது, கட்டணம் தனியார் இடங்களைவிடக் குறைவு. வேலை செய்துகொண்டே படிக்கிறவர்கள் நிறையப் பேர். பளபளப்பான விளம்பரம் போடாத ஒரே குற்றத்துக்காக எங்கள் பெற்றோர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. காரணம் எனக்கு விளங்கவேயில்லை.

எந்த இடத்துக்குப் போனாலும் வரவேற்பறையோடு நின்றுவிடாமல் கன்டீனுக்குப் போகச் சொல்லுங்கள். வார இறுதி வகுப்புக்கு வந்திருக்கும் மூன்றாம் வருட மாணவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டால் போதும்: சேர்ந்த பிறகு கட்டணம் கூடியதா, போன முறை முடித்தவர்களுக்குச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா. ஆலோசகர் ஒரு மணிநேரம் பேசியும் சொல்லாததை அவர்கள் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்கள்.

வழிச்செலவுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் காசு கொடுத்து அனுப்புங்கள். கொப்பியில் எழுதி வந்த பெயர்களை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் நீங்களே ஆணைக்குழுவுக்குத் தொலைபேசி எடுங்கள். பட்டத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து வாசித்து, அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், மகன் எவ்வளவு ஆசைப்பட்டாலும், பணம் கட்ட வேண்டாம்.