ஒரே ஒரு பிரதிக்கு எதற்கு அச்சு?

கேள்வி: அச்சு ஓவியம் என்றாலே பல பிரதிகள் எடுக்கத்தானே? மோனோடைப்பில் ஒன்றுதான் வரும் என்கிறார்கள். அதற்குக் காகிதத்திலேயே வரைந்துவிடலாமே?
- வாசகி, மதுரை

பதில்: பல பிரதி எடுக்கும் முறையில் தகட்டில் கோடு கீறுவார்கள், அந்தப் பள்ளம் அங்கேயே இருக்கும், மறுபடி மறுபடி மை பூசி எடுத்துக்கொண்டே இருக்கலாம். மோனோடைப்பில் எதையும் கீறுவதில்லை. வழவழப்பான தகட்டின் மேல் மையால் வரைந்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் மையில் பெரும்பகுதி காகிதத்தோடு போய்விடும். அதனால்தான் ஒன்று.

சரி, நேராக வரைந்தால் என்ன? காகிதம் மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும், போட்ட கோடு போட்டதுதான். தகட்டில் மை வெகுநேரம் ஈரமாகவே கிடக்கும், பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிடலாம். அந்தத் துடைப்பதையே வரைவதாக மாற்றிக் காட்டியவர் பிரெஞ்சு ஓவியர் எட்கர் தேகா. தகடு முழுக்கக் கறுப்பு மையைப் பூசிவிட்டு, துணியாலும் விரலாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து வெளிச்சத்தை வெளியே கொண்டுவருவார். 1880களில் அப்படிச் செய்த ஒரு படம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: இருண்ட அறை, கணப்பில் எரியும் தீ, அந்த வெளிச்சத்தில் மட்டும் தெரியும் பெண் உடல். அவருடைய சில மோனோடைப்புகளில் அவர் கைரேகையே பதிந்திருக்கிறது. எனக்கு அதைவிட நெருக்கமான கையெழுத்து கிடையாது.

இந்த முறை 1640களிலேயே இத்தாலியின் ஜெனோவா நகரத்து ஓவியர் காஸ்தில்யோனே செய்து பார்த்ததுதான். தேகா நண்பர் லெபிக்கோடு சேர்ந்து 1870களில் தொடங்கி, முந்நூறுக்கும் மேல் செய்தார். அவருக்கு மோனோடைப் என்ற பெயர் பிடிக்காது, 'எண்ணெய் மையில் வரைந்து அச்சிட்ட சித்திரங்கள்' என்றுதான் சொல்வார். முதல் பிரதி எடுத்த பிறகும் தகட்டில் மெல்லிசாக மை ஒட்டியிருக்கும் இல்லையா, அதன் மேல் இன்னொரு காகிதம் வைத்து மங்கலான இரண்டாம் பிரதியும் எடுப்பார், அப்புறம் அதன் மேல் பாஸ்டல் என்ற வண்ணக் கட்டியால் தீட்டுவார். அவருடைய நடனப் பெண்கள் பலரின் வண்ணத்துக்கு அடியில் இருப்பது அந்த மங்கல் பிரதிதான்.

கேள்வி: பிரஸ் (அழுத்தி அச்செடுக்கும் இயந்திரம்) இல்லாமல் வீட்டில் செய்ய முடியுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: தாராளமாக. வழவழப்பான பிளாஸ்டிக் தகடு, எண்ணெய் வண்ணம், உருளை, ஒரு மரக்கரண்டி போதும். அக்ரிலிக் வேண்டாம், நம் வெயிலுக்கு நீங்கள் வரைந்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். காகிதத்தை நனைத்து, துணியில் ஒற்றியெடுத்து, தகட்டின் மேல் வைத்துக் கரண்டியின் முதுகால் எல்லா இடமும் அழுத்தித் தேயுங்கள், காகிதம் நகரக் கூடாது. படம் இடவலம் மாறி வரும், எழுத்து இருந்தால் திருப்பி எழுதுங்கள். முதல் பிரதி எடுத்ததும் தகட்டைத் துடைத்துவிடாதீர்கள், உடனே இன்னொரு காகிதம் வையுங்கள்.