தொப்பூர் கணவாய் இறங்கும்போது பிரேக் கருகும் வாடை வருகிறது, காரை மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். இந்தக் காரணத்துக்காக மட்டும் என்றால் நிச்சயமாக வேண்டாம்.

நீங்கள் சொல்லியிருப்பது இது: 2014ஆம் ஆண்டு பெட்ரோல் ஹேட்ச்பேக், பழைய வண்டியாக வாங்கியது. வாரந்தோறும் தருமபுரியிலிருந்து சேலம் போய்வருகிறீர்கள். வீட்டில் எல்லோரும் ஏறிக்கொள்ளும் நாட்களில், தொப்பூர் இறங்கி முடிக்கும் நேரம் கருகல் வாடை வருகிறது; பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. மெக்கானிக் பேடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) மாற்றிக் கொடுத்தும் அப்படியே இருக்கிறது.

கடைசி இரண்டு செய்திகள்தாம் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பேடு புதிது, ஊருக்குள் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, இறக்கத்தில் மட்டும் மிதி அமுங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: நீங்கள் எந்தக் கியரில் இறங்குகிறீர்கள், பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது. இரண்டாவது கேள்விக்குப் பழைய கார் வாங்கிய பலரிடம் பதிலே இருப்பதில்லை. என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூடப் பிரேக் ஆயிலைக் குறைந்தால் ஊற்றிக்கொள்வதோடு விட்டுவிடுகிறார்கள்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் வேகம் வெப்பமாக மாறி டிஸ்க்கிலும் டிரம்மிலும் சேர்கிறது. நான்கு பேரோடும் பைகளோடும் உங்கள் வண்டி ஏறக்குறைய 1,200 கிலோ இருக்கும். அந்த எடை 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், மூன்றரை லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். காற்றின் தடையும் டயரின் உரசலும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை என்ஜின் தாங்கவேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்கவேண்டும். நீங்கள் ஐந்தாவது கியரிலேயே இறங்கினால் என்ஜின் ஏறக்குறைய ஒன்றும் தாங்குவதில்லை. அவ்வளவும் பிரேக்கின் தலையில் விழுகிறது. வாடை அங்கிருந்துதான் வருகிறது.

சூடேறிய பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பேடு அளவுக்கு மீறிச் சூடானால் மிதி கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கும். உங்களுக்கு அப்படி இல்லை. மிதி உள்ளே போகிறது. இது பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதிக்கத் தொடங்குவதன் அடையாளம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. பிரேக் ஆயிலை டாட் 3, டாட் 4 என்று தரம் பிரிப்பார்கள். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் உங்கள் கால் கொடுக்கும் அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது, சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆயில் ஆறியதும் குமிழ் மறைந்துவிடும். சேலத்தில் வண்டியை மெக்கானிக்கிடம் விடும்போது எல்லாம் சரியாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் முன்னால் நிற்பது ஆறிப்போன வண்டி.

செலவு செய்வதற்கு முன் மூன்றைச் சோதித்துப் பாருங்கள். வண்டி ஆறியிருக்கும்போது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக் மிதியை ஒரு நிமிடம் ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசிகிறது, அல்லது வேறு எங்கோ ஒழுகுகிறது. அது வேறு கதை, உடனே பார்க்கவேண்டும். அடுத்தது, கணவாய் முழுவதையும் இறங்கி முடித்துப் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; தொட வேண்டாம், சுட்டுவிடும். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவில் அனலடித்தால் அது இயல்பு. ஒன்று மட்டும் மற்றதைவிட மிக அதிகமாக அனலடித்தால் அந்தப் பக்கத்துக் காலிப்பர், அதாவது பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்வி, ஒட்டிக்கொண்டு விடாமல் பிடிக்கிறது. மூன்றாவது, ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்கியபின் பின்சக்கரங்கள் தாராளமாகச் சுழல்கின்றனவா என்று ஜாக்கி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றுமில்லை என்றால் மிச்சம் ஆயில்தான்.

மெக்கானிக்கிடம் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். "ஆயில் பாருங்கள்" என்றால் வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவில் அளவைப் பார்த்துக் கொஞ்சம் ஊற்றிவிடுவார்கள். பழையதை முழுவதும் வெளியேற்றி, புதிதாக நிரப்பி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற) சொல்லவேண்டும். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன் திறக்கவேண்டும். கடையில் பாதி மீந்து அலமாரியில் நின்ற பாட்டில் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். எந்த டாட் வகை என்பது டப்பாவின் மூடியிலேயே அச்சிட்டிருக்கும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. ஆயிலுக்குச் சில நூறு ரூபாய், கூலி தனி. அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஷெட்டில் நிற்கும் வண்டியின் ஆயிலும் ஈரம் குடிக்கும்.

இனி இறங்கும் முறை. என் மாமா நெடுங்காலம் லாரி ஓட்டியவர். எந்தக் கியரில் மேடு ஏறுகிறாயோ அந்தக் கியரில்தான் இறங்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பழைய ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. இன்றைய கார்களுக்கு இதைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இப்போதைய என்ஜின்கள் சேலத்திலிருந்து திரும்பும்போது அந்த மேட்டை நான்காவது கியரிலேயே இழுத்துவிடுகின்றன. ஆனால் நான்காவதில் இறங்கினால் வண்டியைப் பிடித்துவைக்கும் பலம் போதாது. மூன்றாவதில் இறங்குங்கள். வண்டி நிறைய ஆள் இருந்து, முன்னால் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தால் இரண்டாவது.

கியரை எப்போது குறைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தருமபுரியிலிருந்து வரும்போது பாளையம்புதூர் சுங்கச்சாவடியில் எப்படியும் வேகம் குறைகிறது. அங்கிருந்து வேகத்தை மறுபடி ஏற்றாமல் கீழ்க் கியரிலேயே இறக்கத்துக்குள் நுழையுங்கள். நடு இறக்கத்தில் வேகமெடுத்தபின் கியரைக் குறைக்கப் போராடுவதைவிட இது எவ்வளவோ எளிது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். என்ஜின் உறுமும், உறுமட்டும். மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அதற்கு ஒரு கேடும் இல்லை. வேகம் கூடுகிறது என்று தோன்றும்போது பிரேக்கை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மிதிமேல் காலை லேசாக வைத்தபடியே இறங்குவதுதான் மிகவும் கெடுதல். அப்போது பேடு ஓயாமல் உரசிக்கொண்டிருக்கிறது, ஆற இடைவெளியே கிடைப்பதில்லை.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அதை இன்றோடு மறந்துவிடுங்கள். கார்புரேட்டர் வண்டிகளின் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். உங்கள் வண்டியில் எரிபொருளைக் கணினி அளந்து கொடுக்கிறது. கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரை விட்டால், சக்கரமே என்ஜினைச் சுற்றுவதால் எரிபொருளைக் கணினி முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கவேண்டும். மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை. கிளட்ச்சை அழுத்திக்கொண்டே இறங்குவதும் நியூட்ரலில் இறங்குவதும் ஒன்றுதான்.

இந்தப் பழக்கம் லாரிகளில் உயிர்களைக் குடித்திருக்கிறது. தொப்பூரில் உங்களுக்குப் பெரிய ஆபத்து உங்கள் பிரேக் அல்ல, பின்னால் வரும் பாரவண்டியின் பிரேக். 2024 ஜனவரியில் கட்டுப்பாடு இழந்த லாரி முன்னால் சென்ற வண்டிகள்மீது மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். நடுவில் சிக்கிய கார் தீப்பிடித்தது. அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆகவே இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஒருபோதும் இறங்காதீர்கள். முன்னால் லாரி இருந்தால் இடைவெளியைப் பெரிதாக வையுங்கள்; பின்னால் லாரி நெருங்கினால் வழிவிட்டு அதை முன்னே போகவிடுங்கள், முகத்துக்கு நேரே திடீரென்று பிரேக் போடாதீர்கள். கணவாய்க்குள் படம் எடுக்கவோ போன் பேசவோ ஓரத்தில் நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு வாந்தி வருகிறது என்றால்கூடப் பையை நீட்டுங்கள், வண்டியை நிறுத்தாதீர்கள்.

மிதி ஒருவேளை தரைவரை போய்விட்டால்: விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை அழுத்துங்கள், பெரும்பாலும் கொஞ்சம் பிடிப்பு திரும்பும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு ஹாரனை அடித்துக்கொண்டே இருங்கள். சாவியைத் திருப்பி என்ஜினை அணைக்கவே கூடாது. அணைத்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், பூட்டிக்கொள்ளவும் கூடும்; என்ஜின் சுழல்வது நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட பூஸ்டரும் போய்விடும். வண்டி நின்றபின் சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். தானாக ஆறட்டும்.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. திரும்பி மேடு ஏறும்போது, சித்திரை வெயிலில் ஏசியும் போட்டால் என்ஜின் சூடேறும். நம் இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர்; அதை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றியே உள்ளே படிவு கட்டிப்போன வண்டிகள் நிறைய. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் மட்டுமே ஊற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு காரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று வீட்டில் தீர்மானித்தால், ஓசூர் தாண்டிப் பெங்களூருவில் பழைய கார் மலிவு என்று பலர் சொல்வார்கள். விலை மலிவுதான், ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்யவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அங்கிருந்து படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே படிவம் 27 கொடுத்து தருமபுரியின் டிஎன் 29 எண் வாங்கவேண்டும். தமிழ்நாட்டு வரியைத் தனியாகக் கட்டவேண்டும். கர்நாடகத்தில் கட்டிய ஆயுள்கால வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்கு அலையவேண்டும். வண்டிமீது கடன் இருந்தால் அது நீக்கப்பட்டதற்கான படிவம் 35 கையில் வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் தருமபுரியிலேயே நன்றாகப் பராமரித்த வண்டி பல சமயம் மேல்.

ஆட்டோமேட்டிக் பார்ப்பதாக இருந்தால், கியரை நாமே குறைத்து அங்கேயே நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்டி வண்டிகளில் (சாதாரணக் கியர்பெட்டியையே கணினி மாற்றிக்கொள்ளும் வகை) பெரும்பாலும் இருக்கும். படிப்படியான கியர் இல்லாத சிவிடி வண்டிகளில் இறக்கத்துக்கான 'எல்' (லோ) நிலையாவது இருக்கவேண்டும். மின்சாரக் கார் என்றால் இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்துக்கொண்டு பேட்டரிக்கும் மின்சாரம் கொடுக்கும், அது பெரிய நன்மை. பேட்டரி முழுவதும் நிரம்பியிருந்தால் மட்டும் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். எதை வாங்கினாலும் ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஓசூர் பக்கம் பார்க்கப் போனால் கிருஷ்ணகிரி போகும் வழியிலுள்ள மேலுமலை இறக்கம்வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

முதலில் அந்த மூன்று சோதனைகளையும் செய்து, எதில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். இரண்டாவது சோதனையில் ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால், முன்னா பின்னா, இடமா வலமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவரை வீட்டாரை ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் போகாதீர்கள், பஸ்ஸில் போய்வாருங்கள்.