டாக்டர் சொன்னதற்காக நடப்பவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்?

"டாக்டர் சொன்னாரே என்று நடக்க ஆரம்பித்தேன், இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. சிலர் மட்டும் இந்த வயதிலும் எப்படி விடாமல் விளையாடப் போகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும், வீட்டில் யாராவது தினமும் சொல்லிக் காட்டிக்கொண்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பயத்தில் கிளம்பலாம். ஆனால் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியதும் அந்தப் பயம் போய்விடும், நடையும் போய்விடும். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சரிதான். அந்தக் கணக்கை நினைத்து விடியற்காலையில் எழுந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

நான் தஞ்சாவூர்க்காரி. பள்ளியில் பூப்பந்து (பால் பேட்மிண்டன்) அணியில் பின்வரிசையில் ஆடினேன். கல்யாணத்தோடு பேட் பரணுக்குப் போய்விட்டது. மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருடம், எனக்கு 44 வயது. கூடப் படித்த ஒருத்தி போன் செய்து, "ஒரு ஆள் குறையுதுடி, சும்மா வந்து நில்லு" என்றாள். உடம்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் போயிருக்க மாட்டேன்.

பூப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நான் வராவிட்டால் பின்மூலை காலி, மற்ற நால்வரின் காலை வீணாகும். ஐந்தரைக்கு "அக்கா, கிளம்பியாச்சா?" என்று போன் வரும்போது தூக்கம் ஒரு காரணமாகவே தோன்றாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த மஞ்சள் கம்பளிப் பந்து லேசானது, திறந்தவெளியில் காற்று இழுத்துக்கொண்டு போகும். தலைக்கு மேல் போகும் பந்தைப் பின்னால் ஓடி எடுத்து நெட்டைத் தாண்டிப் போடுவது முதலில் எனக்கு வரவே இல்லை. பிறகு வந்தது. நாற்பது வயதுக்கு மேல், "போன மாதத்தைவிட இப்போது நன்றாகச் செய்கிறாய்" என்று ஒரு பெண்ணிடம் யார் சொல்கிறார்கள்? சமையலறையில் சொல்வதில்லை, ஆபீசில் சொல்வதில்லை. மைதானத்தில் சொன்னார்கள். அதற்காகத்தான் மறுநாளும் போனேன்.

டெசி, ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைக் கோட்பாடாகவே எழுதியிருக்கிறார்கள். நாமாகத் தேர்ந்தெடுத்தோம் என்ற எண்ணம், நம்மால் முடிகிறது என்ற உணர்வு, நம்மோடு நாலு பேர் இருக்கிறார்கள் என்ற நிறைவு, இந்த மூன்றும் இருந்தால் மனிதர்கள் ஒரு காரியத்தை விடாமல் செய்வார்கள் என்கிறார்கள். டாக்டர் சீட்டில் எழுதித் தரும் நடையில் பல பேருக்கு இந்த மூன்றுமே கிடைப்பதில்லை.

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள். தனியாக ஓடுகிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, தன் நேரத்தைத் தானே முந்துவதில் அவர்களுக்கு 'நம்மால் முடிகிறது' என்ற அந்த உணர்வு கிடைக்கிறது. டாக்டர் பேச்சைக் கேட்காதே என்றும் சொல்லவில்லை. மூட்டுவலி, நெஞ்சுவலி உள்ளவர்கள் கேட்டுவிட்டே இறங்க வேண்டும்.

ஆனால் "மக்களுக்குச் சோம்பல்" என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. 2014இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வில், தமிழ்நாட்டில் கேட்கப்பட்டவர்களில் 93 சதவீதம் பேர் ஓய்வு நேரத்தில் எந்த உடற்பயிற்சியும் விளையாட்டும் செய்வதில்லை என்று வந்தது. அத்தனை பேருமா சோம்பேறிகள்? நாங்கள் ஆடும் மைதானத்தில் பெண்கள் கழிப்பறை எட்டு மணிவரை பூட்டியே கிடக்கும். மாதவிடாய் நாட்களில் எங்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள், காரணம் வலி இல்லை, அந்தப் பூட்டு. ஆண்கள் சுவரோரம் ஒதுங்கிக்கொள்கிறார்கள், நாங்கள் எங்கே போவது? இரண்டு முறை மனு கொடுத்தோம், பதில் இல்லை. பொருட்காட்சி போடுவதற்கு மட்டும் அதே மைதானத்தை வாரக்கணக்கில் திறந்துவிடுகிறார்கள், அப்போது தற்காலிகக் கழிப்பறைகளும் வந்துவிடுகின்றன. மூன்றாவது மனுவில் இதையும் எழுதியிருக்கிறோம், ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று.