நாய்க்குப் பழம்: எது, எவ்வளவு, எப்படி?

கேள்வி: எங்கள் நாயின் எடை 10 கிலோ. நாங்கள் பழம் சாப்பிட்டால் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. என்ன பழம், எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: ஆப்பிள், வாழை, தர்பூசணி, மாம்பழம் எல்லாம் கொடுக்கலாம். அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்த தின்பண்டம் எல்லாம் சேர்ந்தே அன்றாட கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் நாய் வளர்ந்த நாய் என்றால் தினமும் சுமார் 600 கலோரி தேவைப்படும். அதில் 60தான் பழத்துக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலேயே 100 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆகவே அரைப் பழம் கொடுத்தால், அன்றைக்கு பிஸ்கட் கிடையாது. தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் போதும். புதிய பழமென்றால் முதலில் நகத்தளவு ஒரு துண்டு கொடுத்து, மறுநாள் மலம் இளகுகிறதா என்று பாருங்கள்.

ஆப்பிளை நான்காகப் பிளந்து, கத்தியைச் சாய்த்து நடுவிலுள்ள விதைக்கூட்டை முழுசாகச் சீவி எடுத்துவிடுங்கள். விதையை மென்றால் சயனைடு உண்டாகும். ஒன்றிரண்டு தவறி உள்ளே போனால் பயமில்லை, பழக்கமாகத்தான் ஆகக் கூடாது. மாங்கொட்டை அதைவிட மோசம். வழுவழுப்பாக இருப்பதால் நாய் அப்படியே விழுங்கிவிடும். குடலில் சிக்கினால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். சப்பட்டும் என்று கூடக் கொடுக்காதீர்கள். தர்பூசணியின் தோலுக்கும் இதே கதிதான்.

கேள்வி: திராட்சை கூடாது என்கிறார்கள். தெரிந்தவர் வீட்டு நாய் தின்று ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: அதை நம்பி ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். ஒரு நாய் கைநிறையத் தின்றும் நன்றாக இருக்கும், இன்னொன்றுக்கு நாலைந்திலேயே சிறுநீரகம் செயலிழக்கும். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. பழத்துக்குப் பழம் அதன் அளவு மாறுவதால், இவ்வளவு வரை பரவாயில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. கறுப்பு, பச்சை, விதையில்லாதது எல்லாம் ஒன்றுதான். உலர்திராட்சையில் நீர் வற்றி அந்த அமிலம் திரண்டிருப்பதால் இன்னும் ஆபத்து. கேக்கிலிருந்து உதிர்ந்ததையும் கவனியுங்கள்.

தின்றுவிட்டால், வாந்தி வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். வாந்தியும் சோர்வும் 24 மணி நேரத்துக்குள் தெரியலாம். சிறுநீரகம் கெடுவது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில். இடையில் நாய் துள்ளி விளையாடும், அதுதான் ஏமாற்றிவிடுகிறது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் போனால், ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க முடியும். பிறகு சலைன் ஏற்றி, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே உயிரைப் பறிக்கும். எத்தனை தின்றது, எப்போது, நாயின் எடை என்ன என்பதைப் போகும் வழியிலேயே போனில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஜூஸ், ஜாம்?

பதில்: இரண்டும் வேண்டாம், வெறும் சர்க்கரை. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று போட்டிருந்தால் இன்னும் உஷார்: அதில் சைலிடால் என்ற மாற்று இனிப்பு இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்திலேயே சரியலாம்.