ஒன்பதரைக்குப் படுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்

கேள்வி: அதிகாலையில் எழுவதால் நிஜமாகவே பயன் உண்டா? காலைப் பழக்கத்தை விடாமல் கடைப்பிடிப்பது எப்படி?

உண்டு. ஆனால் நான் முதலில் செய்த மாதிரி செய்தால் கிடையாது.

வீடு தண்டையார்பேட்டை, வேலை நந்தனத்தில். நாலு மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று யாரோ வீடியோவில் சொன்னதை நம்பி, ராத்திரி பன்னிரண்டு வரை மொபைலை நோண்டிவிட்டு நாலுக்கு அலாரம் வைத்து எழ ஆரம்பித்தேன். எழுந்தேன், அதில் குறையில்லை. நாலாம் நாள் மெட்ரோவில் சீட் கிடைத்து உட்கார்ந்தவன், தோளைத் தட்டி "சார், கடைசி ஸ்டேஷன்" என்று ஒருவர் எழுப்பும்போது விமான நிலையத்தில் இருந்தேன். அரை நாள் லீவு போனதுதான் மிச்சம்.

எங்கள் சந்தில் ஒரு அக்கா மீன் விற்கிறார். ராத்திரி இரண்டரைக்கு எழுந்து காசிமேடு ஏலத்துக்குப் போய், விடியும்போது அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எந்திரிக்கிறது ஒரு மேட்டரா தம்பி? நான் எட்டு மணிக்கே படுத்துடுவேன். நீ ஒம்போதரைக்குப் படுத்துப் பாரு, அப்ப தெரியும்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, சின்னப் படகில் வருவதுதான் மீன். அப்போதும் அவருக்கு இரண்டரைக்கே முழிப்பு வந்துவிடுமாம். வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இதுதான் உடல் கடிகாரம். பழ ஈக்களை வைத்து அதன் மரபணு வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017ல் மருத்துவ நோபலே கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது முக்கியமாக வெளிச்சம். வீட்டுக்குள் டியூப்லைட் போட்டால் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் பெரிய விஷயம், வெளியே மேகம் மூடியிருந்தாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். காலையில் அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரி தூக்கமும் நேரத்துக்கு வரும். சென்னையில் ஜூனில் 5.40 வாக்கில் விடிகிறது, ஜனவரிக் கடைசியில் 6.35 ஆகிவிடும். அதனால் வருஷம் முழுக்க நாலு மணி என்று அடம்பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது எழுவது ஐந்தேகாலுக்கு. முதல் வேலை தண்ணீர்: அடிபம்பில் அந்த நேரத்தில் வரிசை கிடையாது, பத்து நிமிஷத்தில் ஆறு குடம் நிரம்பிவிடும். இதே வேலைக்கு ஆறரைக்குப் போனால் குடம் குடமாக நின்று சண்டை வேறு. அப்புறம் மொட்டை மாடியில் இருபது நிமிஷம் நடை, மொபைல் கீழேயே கிடக்கும். துறைமுகம் பக்கம் கன்டெய்னர் லாரி ஹாரன் கேட்கும், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கருவாட்டு வாசனை. அதன்பிறகு ஏழு மணி வரை என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். டிபார்ட்மென்ட் தேர்வுக்குப் படித்தது முழுக்க அந்த நேரத்தில்தான். ராத்திரி இரண்டு மணி நேரம் படித்தும் மண்டையில் ஏறாத பாடம் காலையில் முக்கால் மணியில் ஏறியது. மற்றவர்களுக்கும் அப்படியே ஏறும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், சிலருக்குப் பிறவியிலேயே ராத்திரிதான் மூளை ஓடும். மணலிப் பக்கம் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களிடம் போய் 'பிரம்ம முகூர்த்தம்' என்று உபதேசம் செய்வது அநியாயம்.

எப்படி விடாமல் பிடிப்பது என்றால், காலையைத் தொடாதீர்கள், ராத்திரியை மாற்றுங்கள். நான் முதலில் நிறுத்தியது ஆறு மணி டீயை. டீயோடு உள்ளே போன காபீனில், அதாவது தூக்கத்தை விரட்டும் பொருளில், பாதி குறையவே ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும், அப்புறம் பத்து மணிக்கு எங்கே தூக்கம் வரும்? படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் இழுத்தேன். ஏழு மணி நேரத் தூக்கம் குறைகிற மாதிரி இருந்தால் அன்றைக்கு அலாரத்தைத் தள்ளி வைத்துவிடுவேன், வெட்கமே படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறரை. அதற்கு மேல் படுக்க அக்கா விடமாட்டார், கூடையை வாசலில் இறக்கிவிட்டுக் கதவைத் தட்டுவார்: "தம்பி, வஞ்சிரம் காலியாவப் போவுது."